தொண்டையின் மூத்த வேலை

பழவேற்காட்டிலிருந்து எழுதிய தம்பிக்கு,

உங்கள் கடிதம் முழுக்க நைனாவின், அதாவது உங்கள் அப்பாவின், பேச்சைப் பற்றியது. ஊர்க்கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். ஏரியில் வலைபோடும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' பிரிக்கும் நாளில் யாருக்கு எந்த முறை என்று தாளைப் பார்க்காமலே ஒப்பிப்பார். பக்கவாதம் வந்து வீடு திரும்பியதிலிருந்து அவர் சொல்வது பாதிக்குமேல் புரியவில்லை. பழையபடி பேசுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்துக்குக் கீழே, போகிறபோக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. டீ, தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுகிறது. அம்மா உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்கிறார்.

நான் பதில் சொல்லத் தொடங்குவது அந்தக் கடைசி வரியிலிருந்துதான். இதே கதை பல வீடுகளில் நடப்பதால் கடிதத்தைப் பொதுவிலேயே எழுதுகிறேன். பேச்சு போனது தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. விழுங்கல் கெட்டது வீட்டுக்குள்ளேயே தெரிவதில்லை. ஆனால் பக்கவாதத்திலிருந்து பிழைத்து வந்தவரைச் சில வாரங்களில் மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வைப்பது பெரும்பாலும் குழறிய பேச்சு இல்லை. வழி தவறி நுரையீரலுக்குள் இறங்கிய டீயும் கஞ்சியும் எச்சிலும் கொண்டுவரும் நிமோனியாதான்.

வழி ஏன் தவறுகிறது? தொண்டைக்குள் காற்றுக்கும் சோற்றுக்கும் தனித்தனிப் பாதை கிடையாது. மூச்சுக்குழாய் முன்னால் இருக்கிறது, உணவுக்குழாய் அதன் முதுகோடு ஒட்டிப் பின்னால் இருக்கிறது. மூக்கு வழியாக வரும் காற்று பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். வாய் வழியாக வரும் சோறு முன்னாலிருந்து பின்னால் போகவேண்டும். இரண்டும் நடுவில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. உங்கள் ஏரியின் முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீர் ஏறுவதும் ஏரித் தண்ணீர் வடிவதும் ஒரே வாய் வழியாகத்தான். நேரத்தைப் பிரித்துக்கொள்வதால் இரண்டும் நடக்கிறது. தொண்டையிலும் பிரிக்கப்படுவது நேரம்தான். நாம் விழுங்கும் ஒவ்வொரு பருக்கையும் மூச்சுக்குழாயின் வாயைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது, அதில் விழுந்துவிடும் ஆபத்தோடு போகவேண்டியிருக்கிறது என்று 1859இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் டார்வின்கூட வியந்து எழுதியிருக்கிறார்.

கைக்குழந்தைக்கு இந்தச் சிக்கல் நம்மைவிடக் குறைவு. அதன் குரல்வளை கழுத்தில் மேலே, மூக்கின் பின்பக்கத்தை ஒட்டி இருக்கிறது. வளர வளர அது கீழே இறங்குகிறது. அப்படி இறங்குவதால் நாக்குக்குப் பின்னால் நீளமான இடம் கிடைக்கிறது; அ, இ, உ என்று உயிரொலிகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட அந்த இடம் உதவுகிறது. அதே இடத்தில்தான் புரையேறும் வாய்ப்பும் கூடுகிறது.

இப்போது நீங்களே ஒன்று செய்து பாருங்கள். கழுத்தின் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சங்கின் மேல் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். சங்கு சட்டென்று மேலே ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். அந்த ஒரு ஏற்ற இறக்கத்துக்குள் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

முதல் கட்டம் வாயில். பல் அரைக்கிறது; எச்சில் நனைக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை எச்சில் சுரக்கிறது, அதையும் நாம் விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். கன்னம் சோற்றை ஓரத்தில் ஒதுங்கவிடாமல் உள்ளே தள்ளுகிறது. உதடு மூடியிருப்பதால் வெளியே வழியவில்லை. நாக்கு எல்லாவற்றையும் ஒரு கவளமாகத் திரட்டி, நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஊன்றி, முன்னாலிருந்து பின்னாலாக அண்ணத்தில் அழுத்திக்கொண்டே போகிறது. இதுவரைக்கும் நம் கையில். வேண்டாம் என்றால் துப்பிவிடலாம்.

கவளம் நாக்கின் அடிவாரத்தைத் தாண்டியதும் நம் விருப்பத்துக்கு அங்கே வேலையில்லை. மூளையின் அடித்தண்டில், முகுளம் என்ற பகுதியில் இருக்கும் நரம்பு மையம் பொறுப்பெடுத்துக்கொள்கிறது. மெல்லண்ணம் மேலே எழும்பி மூக்குப் பாதையை அடைக்கிறது. அது எழும்பாவிட்டால் டீ மூக்கு வழியாக வரும். மூச்சு நிற்கிறது. குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்கின்றன. நாக்கின் அடியில் குதிரைலாட வடிவில் ஒரு சிறிய எலும்பு உண்டு. நாவடி எலும்பு என்பார்கள். வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் தசைகளிலேயே தொங்கும் எலும்பு அது. அந்த எலும்பு மேலும் முன்னுமாக நகர்ந்து குரல்வளையைத் தூக்கி நாக்கின் அடியில் ஒளித்துவைக்கிறது. உங்கள் விரலுக்குத் தெரிந்தது இந்த இழுப்புத்தான். குரல்வளை மூடி பின்னால் மடிந்து விழுகிறது. எப்போதும் இறுக்கி மூடியிருக்கும் உணவுக்குழாயின் மேல்வாய் அந்த நொடியில் மட்டும் தளர்ந்து திறக்கிறது. கவளம் உள்ளே போனதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. மொத்தமும் ஏறக்குறைய ஒரு நொடி. அடுத்து வருவது பெரும்பாலும் வெளிமூச்சு. வாசலில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெளியே தள்ளப்படும். அதன்பிறகு சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயில் தசை அலையலையாக அழுத்தி வயிற்றில் சேர்க்கிறது. அதற்குப் பத்து நொடிபோல ஆகும்.

இந்த ஒரு நொடி வேலைக்குத் தாடை, முகம், அண்ணம், தொண்டை, குரல்வளை, நாக்கு என்று முப்பதுக்கு மேற்பட்ட தசைகள் வரிசை தப்பாமல் இயங்கவேண்டும். மூளையிலிருந்து நேரடியாக வரும் பன்னிரண்டு சோடி நரம்புகளில் ஐந்து சோடி இதில் இறங்குகின்றன. ஐந்தாவது தாடைக்கு, ஏழாவது உதட்டுக்கும் கன்னத்துக்கும், ஒன்பதாவதும் பத்தாவதும் தொண்டைக்கும் குரல்வளைக்கும், பன்னிரண்டாவது நாக்குக்கு. பேசுவதற்கும் இதே தசைகள்தான், இதே ஐந்து நரம்புகள்தான். உடலில் பேச்சுக்கென்று மட்டும் படைக்கப்பட்ட உறுப்பு ஒன்றுகூட இல்லை. சாப்பிடவும் மூச்சுவிடவும் இருந்ததைத்தான் பேச்சு பிறகு எடுத்துக்கொண்டது.

குரல் நாண்களையே பாருங்கள். குரலுக்காக இருப்பவைபோல் பெயர் வைத்துவிட்டோம். அவற்றின் மூத்த வேலை மூச்சுக்குழாயைக் காப்பது. இரண்டாவது வேலை உங்கள் ஊரில் தினமும் நடக்கிறது. நான்குபேர் சேர்ந்து படகைக் கரையேற்றும்போது, பலம் கொடுத்துத் தள்ளும் அந்தக் கணத்தில் யாரும் பேசுவதில்லை, பேசவும் முடியாது. மூச்சை இழுத்து, நாண்களை இறுக மூடி, காற்றை உள்ளே அடக்கினால்தான் நெஞ்சும் வயிறும் இறுகும்; தோளுக்கும் கைக்கும் ஊன்று கிடைக்கும். அதனால்தான் தள்ளுவதற்கு முன்னும் பின்னும் குரல் எழும்புகிறது, நடுவில் மூச்சு அடங்குகிறது. மூன்றாவதாக வந்ததுதான் குரல். நாண்கள் மெல்ல நெருங்கி நிற்க, நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது. ஆணுக்கு நொடிக்கு நூறு தடவைக்குச் சற்றுமேல், பெண்ணுக்கு இருநூறு தடவை அளவில்.

அதிர்ந்து வருவது வெறும் ஓசைதான். அதை எழுத்தாக்குவது மேலே உள்ளவை. நம்மிடம் இதைப் பற்றி மிகப் பழைய பாடமே இருக்கிறது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது என்று எட்டு இடங்களைக் கணக்கிட்டு, எந்த எழுத்துக்கு எது எதைத் தொடுகிறது என்று அது வரிசையாகச் சொல்கிறது. க, ங பிறக்க அடிநாக்கு அடியண்ணத்தைத் தொடுகிறது. த, ந பிறக்க நாக்கின் நுனி பல்லின் அடியைச் சேர்கிறது. ப, ம பிறக்க இரண்டு உதடும் சேர்கின்றன. எக்ஸ்ரே இல்லாத காலத்தில் தன் வாய்க்குள் நடப்பதைத் தானே உற்றுக் கவனித்து எழுதிய பாடம்.

இன்றைக்குப் பேச்சுப் பயிற்சியாளர் நோயாளியை உட்காரவைத்துக் கேட்கும் முதல் சோதனைகளில் ஒன்று, 'ப-த-க, ப-த-க' என்று நிறுத்தாமல் வேகமாகச் சொல்வது. இன்று வீட்டில் நைனாவைச் சொல்லச் சொல்லுங்கள். ப வழுக்கினால் உதடு பலவீனம். த வழுக்கினால் நுனிநாக்கு. க வழுக்கினால் அடிநாக்கு. இப்போது விழுங்கலின் முதல் கட்டத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். வெளியே வழியாமல் மூடுவது உதடு, கவளத்தைத் திரட்டி ஊன்றுவது நுனிநாக்கு, பின்னால் தள்ளுவது அடிநாக்கு. மூன்று எழுத்தும் மூன்று வேலையும் ஒன்றே. அதனால்தான் உலகமெங்கும் விழுங்கல் கோளாறைக் கவனிக்கும் பொறுப்பு பேச்சுப் பயிற்சியாளர்களின் கைக்கு வந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜெரி லோகமேன் 1983இல் விழுங்கல் கோளாறுகளைப் பரிசோதிப்பது, சரிசெய்வது பற்றி எழுதிய நூல் இந்தத் துறைக்கு அடித்தளம்; அவரும் பேச்சுத்துறைக்காரர்தான்.

இந்தச் சோதனையில் உங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கவனம் தேவை. ஏரி இரண்டு மாநிலத்தில் கிடக்கிறது; தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடுகள் அங்கே உண்டு. நுனிநாக்கை மேலே வளைத்து, அண்ணத்தில் ஒட்டாமல் நிறுத்திச் சொல்லும் ழ இன்றைய தெலுங்கில் இல்லை. தெலுங்கு பேசி வளர்ந்தவர் ழவைச் சொல்லாவிட்டால் அது நோயில்லை. முன்பு எப்படிப் பேசினார் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும்; அதைப் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உதடும் தாடையும் இதில் எவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் ஏரியிலேயே பார்க்கலாம். பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழியிலும் இருளர் பெண்கள் தண்ணீரில் அமிழ்ந்து தவழ்ந்தபடி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போட ஓலையால் பின்னிய பறி பல்லில் இருக்கும். பறி கனக்கக் கனக்கத் தாடைத் தசை விடாமல் இறுக்கவேண்டும். அந்த நேரம் உதடு ஒட்டாது. ஒட்டாததால் ப, ம இரண்டும் வாயில் பிறக்காது. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், ஆனால் பல்லிடுக்கில் ஒன்றைக் கவ்விக்கொண்டு விழுங்குவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு கரண்டிக் காம்பைக் கடித்துக்கொண்டு விழுங்கிப் பார்த்தால் தெரியும். உதடு மூடவில்லை, தாடை பூட்டவில்லை என்றால் நாக்குக்கு ஊன்றி அழுத்த இடம் சரியாகக் கிடைப்பதில்லை. இருந்தும், தாடைக்குக் கீழே உப்புத்தண்ணீர் தளும்ப, மூக்கால் மட்டும் மூச்சுவிட்டு, நேரம் பார்த்து விழுங்கி, அவர்கள் மணிக்கணக்கில் வேலை செய்கிறார்கள். நல்ல உடம்பு எவ்வளவு இடைஞ்சலையும் தாங்கிக்கொண்டு விழுங்கும் என்பதற்கு அவர்கள் சாட்சி. நைனாவுக்கு ஒரு பக்க உதடு மூடுவதில்லை, கடைவாயில் எச்சில் வழிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடைஞ்சலைச் சமாளிக்கும் மற்ற தசைகளும் அவருக்குச் சேர்ந்தே தளர்ந்திருக்கின்றன.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தொடக்க நாட்களில் விழுங்கல் தடுமாறுகிறது. சங்கு தாமதமாக ஏறும். கவளம் தொண்டைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வாசல் மூடத் தொடங்கும். கெட்டியான கஞ்சி மெதுவாக இறங்குவதால் அந்தத் தாமதத்தைச் சமாளித்துவிடலாம். தண்ணீரும் டீயும் வழுக்கிக்கொண்டு முந்திவிடும். அதனால்தான் சோறு இறங்குகிறது, டீ புரையேறுகிறது. "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் எறங்குது, தண்ணிதான் ஒத்துக்கல" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டாலே எனக்கு இந்தத் தாமதம்தான் நினைவுக்கு வரும்.

புரையேறினால் இருமல் வருகிறதே, அது நல்லதுதான். இருமல் தொண்டையின் தற்காப்பு. தலையில் தட்டுவதால் அதற்கு எந்த உதவியும் இல்லை. அவரை முன்னால் சற்றுக் குனியவைத்து, இருமி முடிக்க விடுங்கள், இருமும்போது தண்ணீர் கொடுக்காதீர்கள். நான் அதிகம் பயப்படுவது இருமலே வராதவர்களைப் பார்த்துத்தான். தொண்டையின் உணர்வு மரத்துப்போனால், டீ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது. வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே தேங்கும். இதைக் கண்டுபிடிக்க வீட்டில் உள்ளவர்களுக்கு இருக்கும் நல்ல கருவி காதுதான். இரண்டு மிடறு குடித்ததும் "ஆ…" என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரல் முன்பு இருந்தபடி இருந்தால் சரி. கரகரவென்று ஈரமாக, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் குரல் நாண்களின் மேல் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். அத்தோடு அந்தச் சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். குரல் தெளிவாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்டவும் வேண்டாம். காரணம் தெரியாத காய்ச்சல், சாப்பிட்டபின் மூச்சிரைப்பு, சளி, எடை குறைவது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பைவிட வெகுநேரம் எடுப்பது ஆகியவையும் அடையாளங்கள்தான்.

காற்று வழியும் சோற்று வழியும் பிரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி வரலாம். அப்படிப் பிரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். புகையிலையால் குரல்வளையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டவர்கள். மூச்சுக்குழாயைக் கழுத்தில் ஒரு துளையாகத் திறந்துவிடுவார்கள். வாயும் தொண்டையும் உணவுக்கு மட்டும். அவர்களுக்குப் புரையேறுவதே இல்லை. குரலும் இல்லை. பேச்சை மீட்க, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு சிறு துளையிட்டு, காற்று மட்டும் ஒரு பக்கமாகப் போகும் வால்வைப் பொருத்துகிறார்கள். வெளிநாட்டு வால்வுகளின் விலை ஏழைகளால் எட்ட முடியாமல் இருந்தது. பெங்களூருவில் புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ் 'ஓம்' என்ற பெயரில் 50 ரூபாய் அளவில் கிடைக்கும்படி ஒரு வால்வை உருவாக்கினார். பிரித்த இரண்டு வழிகளையும் மறுபடி கொஞ்சம் சேர்த்தால்தான் பேச்சு வருகிறது. புரையேறும் ஆபத்து நம் பேச்சுக்கு நாம் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை.

இனிச் செய்யவேண்டியவை.

முதலில், விழுங்கலைச் சோதிக்காமல் நீங்களாக உணவை முடிவு செய்யாதீர்கள். பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ சென்னை ஸ்டான்லிக்கோ எழுதி வாங்குங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கல் சோதனை வேண்டும், பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கவேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் ஓடும்படமாகப் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளைக்கு மூக்கில் ரைல்ஸ் ட்யூப் போடச் சொன்னால் பயப்படவேண்டாம். பலருக்குச் சில வாரங்களில் விழுங்கல் தேறிவிடுகிறது. அதுவரை உடம்புக்குச் சத்து போகவேண்டும். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு நல்லது, சிலருக்குப் பலன் தராது. யாருக்கு எது என்பதைச் சோதித்தவர்தான் சொல்லமுடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையும் தருகிறார்கள். அந்தப் பணியாளரிடமும் புரையேறுவதைச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டில் சில விஷயங்கள். படுத்தவாக்கில் எதையும் ஊற்றாதீர்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்து நேராக உட்காரவைத்து, சாப்பிட்டு முடிந்து அரைமணி நேரம் அப்படியே இருக்கவிடுங்கள். டீஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கவளம் இறங்கி சங்கு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு அடுத்தது. கொடுப்பவர் எதிரே, அவர் கண்மட்டத்தில் உட்காரவேண்டும்; நின்றுகொண்டு கொடுத்தால் அவர் அண்ணாந்து பார்ப்பார், வாசல் திறந்துகொள்ளும். வாயில் சோறு இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், டிவியை அணைத்துவிடுங்கள். பலவீனமான பக்கக் கன்னத்தில் ஒதுங்கிய சோற்றைக் கடைசியில் துடைத்தெடுங்கள். காலையும் இரவும் பல்லும் நாக்கும் துலக்கிவிடுங்கள். எச்சிலோடு சேர்ந்து நுரையீரலுக்கு இறங்குவது வாயில் வளரும் கிருமிகள்தான். சுத்தமான வாயால் நிமோனியா ஆபத்து குறைகிறது.

சோதித்தவர் வாயால் சாப்பிடலாம் என்று சொன்னால், உங்கள் வீட்டுச் சாப்பாட்டிலேயே எது பாதுகாப்பு என்று பார்ப்போம். கட்டியில்லாத கெட்டிக் கேழ்வரகுக் கூழ் நல்லது. பழைய சோறும் நீராகாரமும் ஒரே வாயில் போவது கடினம். பருக்கையை மெல்லும் நேரத்தில் தண்ணீர் தனியாக நழுவி இறங்கிவிடும். இரண்டையும் சேர்த்து அரைத்துக் கொடுங்கள். மீனில் முள் இருக்கக்கூடாது. நாக்கு மரத்திருப்பவருக்கு முள் இருப்பதே தெரியாது, ஆகவே மடவையை நீங்கள் ஆய்ந்து கொடுத்தாலும் விரலால் ஒருமுறை பிசைந்து பார்த்துவிடுங்கள். சுறாவில் குத்தும் முள் கிடையாது, ஆகவே சுறாப்புட்டு ஆகும் என்று தோன்றும். உதிரி உதிரியாக இருப்பது தொண்டையில் சிதறிப்போகும். கெட்டிக் குழம்பில் குழைத்துக் கொடுத்தால் ஆகும். யாருக்காவது முள் சிக்கினால் சோற்று உருண்டையை மெல்லாமல் விழுங்கச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மேலே, உள்நாக்குப் பக்கத்திலோ நாக்கின் அடியிலோ குத்தியிருக்கும் முள்ளை டாக்டர் எளிதாக எடுத்துவிடுவார். உருண்டை அதை ஆழத்துக்கு அழுத்திவிடும். உணவுக்குழாய்ச் சுவரில் துளைத்தால் நெஞ்சுக்குள் சீழ் கட்டும்.

பேச்சைப் பற்றி இப்போது சொல்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நைனா சொல்லவேண்டியது அவருக்குத் தெரிகிறது, நீங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது, எழுதிக் காட்டுகிறார். தசைதான் சொன்னபடி கேட்கவில்லை. சொல்லே மறந்துபோகும் வகை, பிறர் பேச்சே புரியாத வகை வேறு. அது மூளையின் மொழிப்பகுதியில் அடிபடுவதால் வருவது. நைனாவின் வகையில் பயிற்சிக்குப் பலன் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு, குறிப்பாக முதல் சில மாதங்களில். பயிற்சியாளர் சொல்லித் தரும் ப-த-க, நாக்கால் கரண்டியை எதிர்த்துத் தள்ளுவது, ஒரே மூச்சில் "ஆ" சொல்வது எல்லாவற்றையும் தினமும் செய்யவையுங்கள். ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று சொல் போதும், மெதுவாகச் சொல்லட்டும். அவர் சொல்லும் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். ஊர்க்கூட்டத்துக்கு அழைத்துப்போங்கள், பேசாவிட்டாலும் உட்காரட்டும்.

இன்னொன்றையும் தெருவில் எல்லோரிடமும் சொல்லுங்கள். வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சு திடீரென்று குழறினால் சோடாவோ தண்ணீரோ வாயில் ஊற்றக்கூடாது. எப்போது தொடங்கியது என்று மணியைப் பார்த்துக்கொண்டு 108ஐக் கூப்பிடவேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். ஸ்கேன் எடுக்கும் நேரமும் பழவேற்காட்டிலிருந்து சென்னை வந்துசேரும் நேரமும் அதற்குள் அடங்கவேண்டும்.

ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், தம்பி. முதலில் விழுங்கல், பிறகு பேச்சு. இந்த வாரம் முழுக்க ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: என்ன கொடுத்தீர்கள், எது புரையேறியது, குடித்ததும் சொன்ன "ஆ" எப்படி ஒலித்தது, காய்ச்சல் உண்டா. பயிற்சியாளர் முதலில் கேட்கப்போவது அந்த விவரங்களைத்தான். நாக்கையும் உதட்டையும் ஒழுங்காக விழுங்கப் பழக்கும் ஒவ்வொரு வேளையும் அதே நாக்குக்கும் உதட்டுக்கும் பயிற்சிதான். அம்மாவிடமும் சொல்லுங்கள்: நினைப்பவர்கள் நினைக்கட்டும், டீயை மட்டும் டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்திவைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்